டாங்கி நிஜம், கதை யாருடையது?

சென்ற வாரம் இரவு ஷிப்ட் முடிந்து சங்க அலுவலகத்துக்கு வந்த ரிங் பிரேம் தோழர் ஒருவர், சந்தாப் பணத்தை மேஜைமேல் வைத்த கையோடு நம்மிடம் சண்டைக்கு வந்துவிட்டார். “யுத்தப் படம் என்றாலே ஏகாதிபத்தியப் பிரச்சாரம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறீர்களே, இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தோழர்!” என்று கைப்பேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டினார். தமிழில் குரல் கொடுத்த அமெரிக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது. “எல்லாம் அப்படியே நிஜம். குண்டு பட்டவன் எப்படித் துடிப்பானோ அப்படியே துடிக்கிறான். நிஜத்தைக் காட்டுகிறவன் பொய் சொல்லுவானா?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு விஷயமும் சொன்னார். அவருடைய மகன், பத்தொன்பது வயது வாலிபன், இந்தப் படத்தை நாலு தடவை பார்த்துவிட்டானாம். பட்டாளத்துக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம்.

நிஜத்தைக் காட்டுகிறவன் பொய் சொல்லுவானா? நல்ல கேள்வி. படித்த மேதாவிகளும் பெரிய பத்திரிகைகளில் இதைத்தான் வேறு பாஷையில் எழுதுகிறார்கள். “தத்ரூபம்! தத்ரூபம்!” என்று மெய்சிலிர்க்கிறார்கள். துப்பாக்கி எந்த வருஷத்து மாதிரி, சட்டைப் பொத்தான் சரியா, தொப்பியின் பட்டை சரியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் படம் சத்தியம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பொத்தானைச் சோதிக்கிற இந்தப் புண்ணியவான்கள், அந்தச் சட்டையை மாட்டி அவனை அங்கே அனுப்பியவன் யார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

தோழர் காட்டிய படத்தையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’. 1944 ஜூன் 6-ந் தேதி பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கத் துருப்புகள் இறங்கியதுதான் தொடக்கம். சுமார் இருபத்தைந்து நிமிஷ நேரம் திரையிலே ரத்தமும் மணலும் கடல் நீருமாக ஒரே கோரம். அயர்லாந்துக் கடற்கரையில் படம் பிடித்தார்கள். அந்நாட்டு ராணுவத்தின் துணைப்படையினரைச் சிப்பாய்களாக நிறுத்தினார்கள். நிஜ வாழ்வில் கை கால் இழந்தவர்களையும் நடிக்க வைத்தார்கள். நடிகர்களுக்குக் கவாத்துச் சொல்லிக் கொடுக்க யுத்தம் பார்த்த ஒரு பழைய அதிகாரியையே அமர்த்தினார்கள்.

வேலை சுத்தம். இதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கரையில் விழுந்தவர்களைக் கேலி செய்யவும் மாட்டோம். அவர்கள் பாசிஸத்தை எதிர்த்து விழுந்தவர்கள். பெரும்பாலும் நம்மைப் போல் கைகால் உழைப்பில் வாழ்ந்த வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் படத்தின் கடைசியில் வருகிறதே ஜெர்மன் டைகர் டாங்கிகள், அவை என்ன தெரியுமா? சோவியத் டி-34 டாங்கியின் மேல் ஜெர்மன் டாங்கி போல் கூடு கட்டி ஓட்டியவை! ஹிட்லரின் டாங்கிப் படையை மாஸ்கோ முதல் பெர்லின் வரை விரட்டியடித்த அதே வகை டாங்கி, இந்தப் படத்தில் ஹிட்லரின் டாங்கியாக வேஷம் போட்டு வருகிறது. செஞ்சேனைக்கு இந்தக் கதையில் கிடைத்த பாத்திரம் இதுதான்!

ஒரு படத்தில் உலகம் முழுவதையும் காட்ட முடியுமா என்று கேட்பார்கள். நியாயம். நார்மண்டியைப் பற்றிய படத்தில் நார்மண்டிதான் வரும். ஆனால் ஒரு படமா, இரண்டு படமா? எழுபது எண்பது ஆண்டுகளாக இதே கரையில்தானே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஜெர்மன் ராணுவம் இழந்த சிப்பாய்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு கிழக்குப் போர்முனையிலே விழுந்தது. சோவியத் மக்கள் கொடுத்த உயிர்ப்பலி சுமார் 2 கோடியே 70 லட்சம். நார்மண்டியில் இறங்கிய பதினாறாம் நாள், ஜூன் 22-ந் தேதி, செஞ்சேனை பைலோரஷ்யாவில் தொடுத்த தாக்குதலில் ஒரு முழு ஜெர்மன் படைத்தொகுதியே நொறுங்கியது. தோழரின் மகனைக் கேட்டுப் பாருங்கள், ஹிட்லரை வீழ்த்தியது யார் என்று. அவன் சொல்லப்போகும் பதில் நமக்குத் தெரியும். திரையில் வந்த ஒவ்வொரு தோட்டாவும் நிஜமாக இருந்தும் அவன் தலைக்குள் ஏறியது பொய். தோழரே, உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

இனி அந்தப் படம் சொல்லும் நீதிக்கு வருவோம். அகப்பட்ட ஒரு ஜெர்மன் கைதியைச் சுட்டுவிடலாம் என்கிறார்கள் சிப்பாய்கள். கூடாது என்று வாதாடுகிறான் மொழிபெயர்ப்புக்காக வந்த ஒருவன். கேப்டன் கைதியின் கண்ணைக் கட்டி விடுதலை செய்து அனுப்புகிறார். கடைசிச் சண்டையில் அந்தக் கைதியே திரும்பி வந்து கேப்டனைச் சுடுகிறான். இரக்கம் காட்டச் சொன்னவனே இப்போது அவனைச் சுட்டுக் கொல்லுகிறான். கொட்டகையில் கைதட்டல்! நிராயுதபாணியாகச் சரணடைந்தவனுக்கு இரக்கம் காட்டியது தவறு என்ற பாடத்தை, அந்த முதல் இருபத்தைந்து நிமிஷ ரத்தத்தில் தோய்த்துக் கொடுக்கிறார்கள். சரணடைகிறவர்களை அமெரிக்கச் சிப்பாய்களே சுட்டுத் தள்ளும் ஒரு காட்சியும் படத்தில் உண்டு. அதைக் காட்டியதற்காக ஸ்பீல்பெர்க்குக்கு நாம் கடன் வைக்கவில்லை. ஆனால் முதலிலும் கடைசியிலும் படபடக்கும் அமெரிக்கக் கொடிக்குக் கீழே அதெல்லாம் கரைந்துபோகிறது.

கடனுக்கு வட்டி

ஸ்பீல்பெர்க்காவது கலைஞர். அவரோடு வாதாடலாம். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே சினிமாத் தொழிலில் பங்காளி என்பது நம் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விமானம் தாங்கிக் கப்பலை எந்தப் பட முதலாளியும் சொந்தமாக வாங்க முடியாது. ராணுவத்திடம்தான் கடன் வாங்க வேண்டும். இது புதிய சங்கதியும் அல்ல. 1927-ல் ‘விங்ஸ்’ என்ற படத்துக்கே விமானங்களையும் சிப்பாய்களையும் ராணுவம் கொடுத்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் இதற்கென்றே தனி அலுவலகம் வைத்துவிட்டார்கள். நிபந்தனைகளைக் கேளுங்கள். கதையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். திருத்தச் சொன்ன இடத்தில் திருத்த வேண்டும். படப்பிடிப்பில் ராணுவ அதிகாரி கூடவே நிற்பார். முடிந்த படத்தை ஊருக்குக் காட்டுமுன் அவர்களுக்குக் காட்ட வேண்டும். சம்மதமா? கப்பல் வரும், விமானம் வரும், சிப்பாய் வருவான். சம்மதம் இல்லையா? போய் அட்டைக் கப்பல் செய்துகொள்!

தத்ரூபம் என்று நம் மேதாவிகள் போற்றும் சரக்கு இந்தக் கடையில்தான் கிடைக்கிறது. பண்ணையார் வீட்டு வண்டியை இரவல் வாங்கி, அந்த வண்டியிலேயே போய்ப் பண்ணையாருக்கு எதிராகக் கூட்டம் போட முடியுமா?

1986-ல் வந்த ‘டாப் கன்’ படத்துக்குக் கடற்படையின் போர் விமானங்களும் கப்பலும் கிடைத்தன. கதாநாயகியைக் கடற்படைப் பெண்ணாக எழுதியிருந்தார்கள். அதிகாரி அப்படிக் காதலிப்பது கடற்படை விதிக்கு ஒவ்வாது என்றதும் அவளைச் சிவிலியன் ஆக்கினார்கள். விமானியின் நண்பன் சாகும் விதத்தையும் கடற்படைக்குப் பிடித்தபடி மாற்றினார்கள். படம் ஓடிய சில கொட்டகைகளின் வாசலிலேயே ஆள் சேர்க்கும் மேஜையைப் போட்டார்கள். உள்ளே டிக்கெட், வெளியே விண்ணப்பம்!

வியட்நாம் யுத்தத்துக்கு வருவோம். ஜான் வேய்ன் என்ற பிரபல நடிகர் 1965 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா வியட்நாமில் ஏன் இருக்கிறது என்று உலகத்துக்கு விளக்கப் படம் எடுக்கிறேன், உதவுங்கள் என்று கேட்டார். ஜார்ஜியா மாநிலத்து ராணுவ முகாமையே வியட்நாமாக்கிக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் நிஜம், துப்பாக்கி நிஜம், நடப்பவனும் நிஜச் சிப்பாய். ராணுவம் இதற்கெல்லாம் வாங்கிய கட்டணம் சுமார் 18,000 டாலர்தான்! ‘தி கிரீன் பெரேஸ்’ என்ற அந்தப் படம் 1968 ஜூலையில் வெளிவந்தது. கடைசிக் காட்சியில் அமெரிக்கத் தளபதி, அனாதைச் சிறுவன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார். சூரியன் கடலிலே அஸ்தமிக்கிறது.

வியட்நாமின் கடற்கரை கிழக்கே பார்த்தது, தோழர்களே! நம் நாகப்பட்டினத்துக் கடல் மாதிரி. சூரியன் அங்கே கடலில் எழும், கடலில் விழாது. அத்தனை ஹெலிகாப்டரையும் நிஜமாகக் கொண்டு வந்தவர்கள், சூரியனை மட்டும் தங்கள் வசதிக்கு மேற்கே இருந்து இழுத்து வந்து கிழக்கில் புதைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய பொய் வேறொன்று. அந்தப் படம் வருவதற்கு நாலு மாதம் முன்பு, 1968 மார்ச் 16-ந் தேதி, மை லாய் கிராமத்துக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. கிழவர்களையும் பெண்களையும் கைக்குழந்தைகளையும் சுட்டு வாய்க்காலில் தள்ளியது. வியட்நாமியர் கணக்குப்படி மாண்டவர் 504 பேர். சிறுவனின் கையைப் பிடித்த தளபதி கொட்டகைகளில் நடந்துகொண்டிருந்தபோது, இந்தப் பிணங்களை ராணுவம் மூடி மறைத்து வைத்திருந்தது. 1969 நவம்பரில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தண்டிக்கப்பட்டவன் ஒரே ஒரு கீழ்மட்ட அதிகாரி. அவனுக்கும் சில ஆண்டு வீட்டுக்காவல்!

பென்டகன் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? 1979-ல் வந்த ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்துக்குச் சாத்தினார்கள். ஒரு அதிகாரியைக் கொல்ல இன்னொரு அதிகாரியை அனுப்பும் கதை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் போய்ச் சர்வாதிகாரி மார்க்கோஸிடம் ஹெலிகாப்டர் வாங்கினார். படப்பிடிப்பின் நடுவிலேயே அந்த ஹெலிகாப்டர்கள் பறந்து போய்விடும், எங்கே? மார்க்கோஸை எதிர்த்துப் போராடிய சொந்த நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களைத் தாக்க! யுத்தத்தைக் கண்டிக்கும் படத்துக்கு வந்த இரும்புப் பறவை, மத்தியானம் நிஜக் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி நடிக்கும்.

அந்தப் படத்தின் கதியையும் கேளுங்கள். ஹெலிகாப்டர்கள் சங்கீதம் முழங்க ஒரு வியட்நாம் கிராமத்தை அழிக்கும் காட்சி அதில் இருக்கிறது. எடுத்தவர் கோரத்தைக் காட்டத்தான் எடுத்தார். ஆனால் 1990-ல் வளைகுடா யுத்தத்துக்குக் கிளம்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த மாதிரி வியட்நாம் படங்களைப் போட்டுப் பார்த்து வெறியேற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி ஸ்வாஃபோர்ட் பிற்பாடு தன் புத்தகத்தில் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். எடுத்தவர் எந்த நோக்கத்தோடு எடுத்தாலும் சிப்பாய்க்கு அது யுத்தத்துக்கு அழைப்பாகவே படுகிறது என்பது அவர் அனுபவம். குண்டு வெடிப்பதை எவ்வளவு அழகாகக் காட்டுகிறாயோ, அவ்வளவுக்கு அது பத்தொன்பது வயதுக்காரனை இழுக்கும். பயங்கரமும் ஒரு கவர்ச்சிதான்.

நம் நாட்டிலும் இந்தக் காற்று வீசாமல் இல்லை. 2020-ல் ராணுவ அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது: ராணுவத்தைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் முன்கூட்டி ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கட்டும் என்று.

மாளிகைக்குள் நுழைந்த படம்

அப்படியானால் யுத்தப் படமே எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. தோழர் ஒரே வரியில் தள்ளுகிறீர்கள் என்று குற்றம் சாட்டினாரே, அதில் பாதி உண்மை. இந்தப் பக்கத்தில் நாம் அப்படி எழுதியதுண்டு. அது தவறு.

முதல் உலக யுத்தத்தைப் பற்றி 1930-ல் அமெரிக்காவிலேயே ஒரு படம் எடுத்தார்கள். ரெமார்க் எழுதிய ஜெர்மன் நாவலின் கதை. ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்று பெயர். பள்ளிக்கூட வாத்தியாரின் ஆவேசப் பேச்சைக் கேட்டு வகுப்புப் பையன்கள் பட்டாளத்துக்கு ஓடுகிறார்கள். அதிலே ஒரு ஜோடி பூட்ஸ் வருகிறது. நல்ல தோல், நல்ல தையல். போட்டிருந்தவன் சாகிறான், பூட்ஸ் அடுத்தவன் காலுக்குப் போகிறது. அவனும் சாகிறான், அதற்கடுத்தவனுக்குப் போகிறது. மனிதன் தேய்கிறான், பூட்ஸ் தேயவில்லை. நூறு பீரங்கி சொல்லாததை அந்த பூட்ஸ் சொல்லுகிறது. அதனால்தான் 1930 டிசம்பரில் பெர்லினில் திரையிட்டபோது கோயபல்ஸ் தன் குண்டர்களோடு கொட்டகைக்குள் புகுந்தான். வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள், நாற்றக் குண்டு வீசினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜெர்மன் சர்க்கார் படத்தையே தடை செய்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாவல் நெருப்பில் விழுந்தது. ரெமார்க் நாட்டை விட்டே போய்விட்டார். அவருடைய தங்கை, யுத்தம் தோற்றுவிட்டது என்று பேசிய குற்றத்துக்காக 1943-ல் தலை வெட்டப்பட்டார்.

இன்னொன்று 1957-ல் குப்ரிக் எடுத்த ‘பாத்ஸ் ஆஃப் க்ளோரி’. இதிலும் பதுங்கு குழி உண்டு, சேறு உண்டு, கம்பிவேலி உண்டு. ஆனால் காமிரா அங்கேயே நிற்கவில்லை. ஜெனரல்கள் குடியிருக்கும் மாளிகைக்குள்ளும் போகிறது. பளிங்குத் தரையில் நின்றுகொண்டு, பதவி உயர்வு ஆசை காட்டிய மேலதிகாரிக்காக ஒரு ஜெனரல் ஒரு குன்றைப் பிடித்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். பிடிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். தாக்குதல் தோற்கிறது. பாதிப் பேர் குழியை விட்டே கிளம்ப முடியவில்லை. “நம் குழிமேலேயே பீரங்கியைத் திருப்பு!” என்று போனில் உத்தரவு போடுகிறான். பீரங்கி அதிகாரி என்ன சொல்லுகிறார்? எழுத்திலே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார்! மேஸ்திரி வாய் உத்தரவு போட்டு, விபத்து நடந்ததும் சார்ஜ் ஷீட் நம் பெயருக்கு வரும் கதை தெரிந்த தோழர்களுக்கு இந்தக் காட்சியை நாம் விளக்க வேண்டியதில்லை.

தோல்விக்கு யார் பொறுப்பு? மூன்று சிப்பாய்கள்! ஒருவன் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அகப்பட்டவன். ஒருவன் தன் அதிகாரியின் கோழைத்தனத்தைக் கண்ணால் கண்ட சாட்சி. ஒருவன் ஒழுங்குக்கு ஒவ்வாதவன். மூவரையும் கட்டி வைத்துச் சுடுகிறார்கள்.

கற்பனையா? 1915 மார்ச்சில் பிரெஞ்சு ராணுவம் சுவேன் என்ற இடத்தில் தன் சொந்தச் சிப்பாய்கள் நால்வரை இப்படித்தான் சுட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து, 1934-ல், அவர்கள் நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று. இழப்பீடு? இரண்டு விதவைகளுக்குத் தலா ஒரு பிராங்க். அந்தப் படம் 1975 வரை பிரான்ஸில் திரையிடப்படவே இல்லை. பீரங்கிச் சத்தத்துக்குப் பயப்படாதவர்கள் மாளிகைக்குள் போன காமிராவுக்குப் பயந்தார்கள்.

நாமும் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1985-ல் சோவியத் இயக்குநர் கிளீமவ் எடுத்த ‘வந்து பார்’ என்ற படம், யுத்தத்தைப் பற்றி வந்த படங்களிலேயே தலைசிறந்தது என்று நாம் கருதுகிறோம். அதை எடுக்கவிடாமல் ஏழெட்டு வருஷம் இழுத்தடித்ததும் சோவியத் சினிமா அதிகாரிகளே. நம் அணி செய்தது என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை. பைலோரஷ்யாவில் நாஜிகள் மக்களோடு சேர்த்து எரித்த 628 கிராமங்களின் கதை அது. சேர்ந்து எழுதிய ஆதமோவிச் சிறுவனாக இருந்தபோதே கொரில்லாப் படையில் இருந்தவர். தத்ரூபத்துக்கு அங்கேயும் குறைவில்லை, நிஜ ரவையையே சுட்டார்கள். ஆனால் முடிவைப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்த சிறுவன் சேற்றில் கிடக்கும் ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். சுடச் சுடச் சரித்திரம் பின்னோக்கி ஓடுகிறது. ஹிட்லர் வாலிபனாகிறான், சிறுவனாகிறான், கடைசியில் தாய் மடியில் குழந்தையாக நிற்கிறான். பையன் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுகிறான். குழந்தையைச் சுட மாட்டான்! குடும்பம் முழுவதையும் பறிகொடுத்தவன் அங்கே துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். ஸ்பீல்பெர்க் படத்தில் இரக்கத்தை விட்டுவிட்டவன் கைதட்டல் வாங்குகிறான்.

சரி, தோழரின் மகன் விஷயம்.

அவனைச் சங்கத்துக்கு வரவழைத்துப் பேசினோம். நாம் சிப்பாயை வெறுக்கிறவர்கள் அல்ல. சட்டையைக் கழற்றினால் அவனும் கூலி வீட்டுப் பிள்ளைதான். “தம்பி, நாலு தடவை பார்த்தாயே, அந்தப் படத்தில் எங்கேயாவது சம்பளச் சீட்டு வந்ததா?” என்று கேட்டோம். சிரித்தான். 2022-ல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேருகிறவனுக்கு நாலு வருஷம்தான் வேலை, நாலில் ஒருவருக்குத்தான் அதற்குமேல் நிரந்தரம் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. “காண்ட்ராக்டா தோழர்?” என்றான். அப்பன் மில்லில் காண்ட்ராக்ட் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர். வீட்டில் ஒழுகும் கூரையைப் பிரித்து வேய வேண்டும், மாசச் சம்பளம் வந்தால் ஆகும் என்பதுதான் அவன் கணக்கு. வீரம் படத்திலிருந்து வந்தது. தேவை கூரையிலிருந்து வந்தது. போகாதே என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நாம் யார்? அவன் வீட்டுக் கூரையை நாமா வேய்ந்து கொடுத்தோம்?

அவனுக்கு ஒரு படத்தின் கதையைச் சொன்னோம். 1959-ல் சுக்ராய் என்ற சோவியத் இயக்குநர் எடுத்த ‘சிப்பாயின் கதை’. சுக்ராயே ஸ்டாலின்கிராடில் போராடியவர். கதாநாயகன் அல்யோஷாவுக்கும் பத்தொன்பது வயது. பயத்திலே நடுங்கிக்கொண்டே இரண்டு டாங்கிகளைச் சுட்டு வீழ்த்துகிறான். ஜெனரல் பதக்கம் தருகிறேன் என்கிறார். பதக்கம் வேண்டாம், ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்கிறான். ஆறு நாள் லீவு கிடைக்கிறது. வழியிலே யார் யாருக்கோ உதவி நாளெல்லாம் செலவாகிவிடுகிறது. ஊர்ச் சாலையில் அம்மாவை ஒரு தடவை கட்டிக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது. கூரை அப்படியே கிடக்கிறது. அவன் திரும்பி வரமாட்டான் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

“டாங்கி நிஜ டாங்கியா?” என்று கேட்டான். நிஜம்தான் என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் இந்தப் படத்தைப் போடுகிறோம். இரண்டாம் ஷிப்ட் தோழர்களுக்காக மறுபடி பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் வருகிறார்கள். வசனத்தை நாமே தமிழில் சொல்லுவோம். உட்காரப் பாய் போதாது. வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டு வரவும். தோழரின் மகன் பெஞ்சு தூக்க ஏழு மணிக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான்.